பூஜ்யத்தில் முடிந்த திங்கட்கிழமை

நவம்பர் 18, செவ்வாய்

போதும். இத்தனை ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

இன்று முதல் நடப்பதைத் தேதி போட்டு எழுதிவைக்கப் போகிறேன். முடிந்ததும் எங்கள் துறைக்காரர்கள் கூடும் இணையக் குழுவில் வெளியிடுவேன். என் முழுப் பெயரோடு, பட்டத்தோடு, படித்த கல்லூரியின் பெயரோடு. வெட்கப்பட வேண்டியவன் வெட்கப்படட்டும்.

அவன் பெயர் பிரசன்னகுமார். என் மேலாளர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். இன்று மதியம் கூட்டத்தில் நான் எழுதிக்கொடுத்த திட்டத்தைத் திரையில் போட்டு விளக்கினான். ஒரு வரிகூட மாற்றவில்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும் ஒரு வரி சேர்த்திருந்தான்: ‘வடிவமைப்பு: பிரசன்னகுமார்’. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன் என்பதுதான் இன்னும் எரிகிறது.

நாங்கள் ஓர் ஓய்வூதிய நிதியத்தின் கணக்குகளை மெயின்ஃப்ரேம் என்ற பெருங்கணினியில் ஓட்டிக் கொடுக்கிறவர்கள். நிதியத்தின் பெயரையோ எங்கள் நிறுவனத்தின் பெயரையோ எழுதப்போவதில்லை. பல ஆலைகளில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற நாற்பதாயிரம் பேருக்கு எங்கள் வழியாகத்தான் ஓய்வூதியம் போகிறது. காஞ்சிபுரத்தில் இருக்கும் என் அண்ணன் ஏகாம்பரமும் அதில் ஒருவன். இதை அலுவலகத்தில் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லும்படி எங்களுக்குள் எதுவும் இல்லை.

வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீஷியன் நாளை வருகிறேன் என்றான்.

நவம்பர் 20, வியாழன்

எலக்ட்ரீஷியன் வரவில்லை.

திட்டம் என்னவென்று எழுதிவிடுகிறேன். எங்கள் கணினியில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளை ஜாப் என்போம். ஒவ்வொரு ஜாபும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால் குறையே இல்லை. நான்கு என்றால் முடிந்தது, ஆனால் சில எச்சரிக்கைகள் உண்டு. எட்டோ அதற்கு மேலோ என்றால் கோளாறு. இதுவரை ஆபரேட்டர் அந்த எண்ணைப் பார்ப்பார், வெளிவந்த பட்டியலை ஒரு புரட்டுப் புரட்டுவார், நிதியத்துக்குப் போன் போட்டு அவர்கள் ‘சரி’ என்றபின் அடுத்த ஜாபைத் தட்டிவிடுவார். இனி அந்த ஆள் நடுவில் தேவையில்லை. ‘இந்த ஜாப் இந்த எண்ணோடு முடிந்தால் இதைச் செய்’ என்று ஒரு விதி எழுதிவிட்டால் கணினியே செய்துகொள்ளும். என் சிந்தனை இது. எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எடுத்துக்கொண்டது உயிர்ச் சான்று ஜாப். ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதற்கு ஆதாரமாக வருடத்துக்கு ஒரு முறை வங்கியில் சான்று கொடுக்க வேண்டும். வங்கிகள் அவற்றைத் திரட்டி ஒரு கோப்பாக எங்களுக்கு அனுப்பும். ஜாப் அதை எங்கள் பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்டு, சான்று வராதவர்களைப் பிரித்தெடுக்கும். அவர்களுடைய வாரிசுதாரர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். வழக்கமாகச் சில நூறு பேர்.

இந்த ஜாப் எப்போதும் நான்கில்தான் முடியும். வங்கிக்காரர்கள் யாராவது ஓய்வூதிய எண்ணைத் தப்பாக அடித்திருப்பார்கள், எங்கள் பட்டியலில் அப்படி ஓர் எண் இருக்காது, ஜாப் எச்சரிக்கும். எங்கள் கணினிக் கூடத்தில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ‘நாலா? நல்லது’ என்று போய்விடுவார்கள். நான் படித்த படிப்பில் நான்கு நல்லது அல்ல.

“நாலுக்கும் மெசேஜ் போற மாதிரி வெச்சிடுங்க சார்” என்றான் பிரசன்னகுமார். “நாலுதான் நமக்கு நார்மல்.”

முடியாது என்றேன். பூஜ்யத்தில் முடிந்தால் யாரையும் கேட்காமல் போகட்டும். நான்கு என்றால் நின்று ஆபரேட்டரைக் கேட்கட்டும். தப்பைத் தப்பு என்று சொல்ல ஓர் இடமாவது இருக்க வேண்டும். இழுபறிக்குப் பிறகு ஒப்புக்கொண்டான்.

ஆபரேட்டர் ஹசீனா பேகமும் கூட்டத்தில் இருந்தார். ஒப்பந்தத்தில் இருப்பவர், ஜனவரியில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். வாய் கொஞ்சம் நீளம்.

“ஜீரோவா? இந்த ஜாப்ல நான் ஜீரோவைப் பார்த்ததே இல்ல சார். வந்தா சொல்லுங்க, பிரியாணி போடுறேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கிளம்பும்போது என்னிடம் தனியாக, “உங்க ஜாப் எல்லாம் பாஸ் ஆயிடுது, நீங்கதான் சார் ஃபெயிலான மூஞ்சியோடவே இருக்கீங்க” என்றார். 

நவம்பர் 24, திங்கள்

எலக்ட்ரீஷியன் வந்தான். மோட்டார் காயில் எரிந்துவிட்டதாம். கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நவம்பர் 27, வியாழன்

அம்மாவின் திதி. வழக்கம்போல நான் இங்கே, அவன் அங்கே.

காலையில், பள்ளி ஆசிரியையான என் மனைவி அரசி, “ஒரு தடவை போயிட்டு வரலாம்ங்க. அவரும் தனியாத்தானே இருக்காரு” என்றாள். அண்ணி இறந்து வெகுநாளாகிறது, பிள்ளைகள் இல்லை. அது எனக்கும் தெரியும்.

“உனக்கு எப்படித் தெரியும் தனியா இருக்கான்னு?”

“எங்க போயிடப் போறாரு” என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

இணையத்தில் படிக்கப்போகிறவர்களுக்கு இது தேவையில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அம்மா அவன் வீட்டில் இறந்தாள். எனக்குச் செய்தி வரவில்லை. மறுநாள் ஓர் உறவுக்காரர் அலுவலகத்துக்குப் போன் செய்து துக்கம் விசாரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாதவனோடு எனக்கு என்ன பேச்சு? போன் செய்தேன் என்றான். அந்த நாட்களில் அவன் அழைப்பை நான் எடுப்பதில்லை. அது வேறு விஷயம். ஓர் ஆளை அனுப்பியிருக்கலாம். எப்படியாவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

டிசம்பர் 1, திங்கள்

சோதனை ஓட்டம். விதிகள் மூன்றும் நான் எழுதியபடியே நடந்தன. போலியாக ஒரு பூஜ்யம் கொடுத்தேன். அடுத்த நொடியே குறுஞ்செய்தி அனுப்பும் ஜாப் தானாகக் கிளம்பியது. நான்கு கொடுத்தேன், நின்று கேட்டது. எட்டு கொடுத்தேன், என் தொலைபேசி அடித்தது. யாருடைய கையும் படாமல் ஒன்றன் பின் ஒன்றாக அவை நடப்பதைப் பார்க்க அழகாக இருந்தது. இதைச் சொல்லிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

டிசம்பர் 3, புதன்

செய்தியின் வாசகம் நீளமாக இருக்கிறதாம். தமிழ் எழுத்து நிறைய இடம் பிடிக்கிறது, இரண்டு துண்டாகப் போகிறது என்று பிரசன்னகுமார் மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். நான் எழுதியது இது: ‘ஓய்வூதியர் இன்னாரின் உயிர்ச் சான்று எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவர் காலமாகியிருந்தால் எங்கள் ஆழ்ந்த இரங்கல். குடும்ப ஓய்வூதியத்துக்கு இந்த எண்ணில் பேசவும்.’ கீழே ஹசீனாவின் மேசைத் தொலைபேசி எண்ணை நானே அடித்துச் சேர்த்திருந்தேன்.

‘சுருக்கிவிட்டேன் சார், ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்’ என்று இணைத்திருந்தான். நான் திறக்கவில்லை. அவன் தமிழைத் திருத்துவது என் வேலையல்ல. ‘சரி’ என்று மட்டும் பதில் போட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி

நிதியத்திலிருந்து பாராட்டு மடல். அவனுக்கு. எனக்கு நகல்கூட இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

 நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காலையில் அரசி பள்ளிக்கூடம் போய்விட்டாள். நான் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தொலைபேசியில் அறிவிப்பு வந்திருந்தது: உயிர்ச் சான்று ஜாப் முடிந்தது, பூஜ்யம். இரண்டு தடவை பார்த்தேன். பூஜ்யம்தான். இத்தனை வருடத்தில் முதல் முறை. ஹசீனாவிடம் பிரியாணி கேட்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். அந்தக் காபி எனக்கு ருசித்தது என்பதை எழுதாமல் விட முடியவில்லை.

தம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்போது குறுஞ்செய்தி வந்தது.

‘ஓய்வூதியர் திரு. ஏகாம்பரம் மறைவுக்கு எங்கள் இரங்கல். குடும்ப ஓய்வூதியத்துக்குப் பேசவும்.’ கீழே ஓர் எண்.

நான் உட்கார்ந்துவிட்டேன். தரையில்.

இந்த இடத்தில் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்த ஜாப் முடிந்தால் என்ன நடக்க வேண்டும் என்று விதி எழுதியவன் நான். அது முடிந்துவிட்டது என்று காபி குடிப்பதற்கு முன்பு பார்த்தவன் நான். ஆனால் என் தலையில் அவை எதுவும் இல்லை. ‘அண்ணன் போய்விட்டான். இந்த முறை எனக்குச் செய்தி வந்துவிட்டது.’ இவ்வளவுதான் இருந்தது.

அவன் எண் என்னிடம் இல்லை; எப்போதோ அழித்துவிட்டேன். அரசியை அழைத்தேன், வகுப்பில் இருந்திருப்பாள், எடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தாம்பரத்தில் காஞ்சிபுரம் பேருந்து உடனே கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அலுவலகத்திலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. சாவுக்குப் போகிறவனைக்கூட விடமாட்டார்களா என்று ஒலியை அடைத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

காஞ்சிபுரத்தில் இறங்கி மாலை வாங்கினேன். பூக்காரர், “வீட்டுக்கா, கோயிலுக்கா?” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு ஒன்றும் கேட்காமல் பெரிய ரோஜா மாலை ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

தெருமுனையில் நின்றேன். பந்தல் இல்லை, நாற்காலிகள் இல்லை, பறை இல்லை. சங்கு ஊதுகிற ஓசை எதுவும் இல்லை. அப்போது எனக்கு வந்த முதல் நினைப்பு, ‘இந்தத் தடவையும் எனக்கு முன்னால் எடுத்துவிட்டார்களா’ என்பதுதான். கோபத்தோடுதான் நடந்தேன்.

அண்ணன் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றிச் சுற்றிச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். சைக்கிள் உதிரிப்பாக ஆலையில் காலத்தைக் கழித்தவன். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான்.

“யாருக்குடா மாலை?”

மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

“இந்தத் தெருவுல யாரும் போகலையே. எங்கயாவது தப்பா வந்துட்டியா?”

நான் அப்படியே நின்றேன்.  அவன் எழுந்து எண்ணெய்க் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு என் தோளைப் பிடித்தான்.

“டேய். என்ன ஆச்சு? அரசி நல்லாருக்காளா?”

தொலைபேசியை எடுத்து நீட்டினேன். கண்ணாடி தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தான். மறுபடியும் படித்தான். அவன் முகம் ஒரு நொடி வெளிறியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் சிரித்தான்.

“எனக்கே இப்பத்தான்டா தெரியுது” என்றான். “உள்ள வா, வெயில்ல நிக்காத.”

மாலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவனே வாங்கி உள்ளே கொண்டுபோய் அம்மாவின் படத்துக்குப் போட்டான். பிணத்துக்கு வாங்கிய மாலை. படத்துக்கு ரொம்பப் பெரிது. சட்டத்தைத் தாண்டித் தொலைக்காட்சிப் பெட்டி வரைக்கும் தொங்கியது.

“உன் போனுக்கு எப்படி வந்துச்சு இது?” என்று அவன் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

“வாரிசுன்னு வேற யார் பேரைக் குடுக்கறது? எனக்கு யார் இருக்கா? தம்பின்னு எழுதிக் குடுத்தேன். ஏன், தப்பா?”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏண்டா, செத்துட்டேன்னு சொன்னாத்தான் வருவியா?” என்றான். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் பதில் தெரியும்.

பிறகு செய்தியை மறுபடி படித்தான். “நல்லாத்தான் எழுதியிருக்கான். அனுப்பினது யாருன்னு பேருதான் போடல. எனக்கு மட்டும் அன்னிக்கு இந்த மாதிரி ஒண்ணு அனுப்பத் தெரிஞ்சிருந்தா, அம்மா போனப்ப உனக்கு அனுப்பியிருப்பேன். மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, நீ எடுக்கல.”

சமையலறையில் போய் இரண்டு தட்டில் இட்லி வைத்துக்கொண்டு வந்தான். நான் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவியதும், “ஏதோ நம்பர் போட்டிருக்கானே, கேட்டுருவோம்” என்று தன் போனில் அந்த எண்ணை அழுத்தினான். ஒலிபெருக்கியில் போட்டான். பலமுறை ‘உபயோகத்தில் உள்ளது’ என்று வந்தது. விடாமல் அழுத்தினான். கடைசியில் எடுத்தார்கள்.

“வணக்கம், சொல்லுங்க. தப்பா மெசேஜ் வந்திருந்தா மன்னிச்சிடுங்க, எல்லாருக்கும் அப்படித்தான் வந்திருக்கு...”

பேசிப் பேசி அந்தக் குரல் கம்மியிருந்தது. ஆனாலும் எனக்குத் தெரியும். ஹசீனா பேகம்.

அப்போதுதான் எல்லாம் ஒன்றாக வந்து என் மேல் விழுந்தது. ஜாப். பூஜ்யம். நான் அடித்துச் சேர்த்த எண். எல்லாருக்கும் என்றால் நாற்பதாயிரம் பேருக்கும்.

“நான் ஏகாம்பரம் பேசறேம்மா, காஞ்சிபுரம். நான் காலமாயிட்டதா வந்திருக்கு. உறுதிப்படுத்திக்கலாம்னு பண்ணேன்.”

 மறுமுனையில் ஒரு பெருமூச்சு. அழுகையா, சிரிப்பா என்று தெரியவில்லை. “சார்... நீங்க நல்லா இருங்க சார். காலைலேர்ந்து சிரிக்கிற மாதிரி பேசுன மொத ஆளு நீங்கதான்.”

“காலைலேர்ந்து எத்தனை பேருக்கும்மா உயிர் குடுத்திருக்க? தண்ணி குடிச்சியா மொதல்ல?”

“இல்ல சார்.”

“குடி. அடுத்தவன் ரெண்டு நிமிஷம் செத்தே கிடக்கட்டும்.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “யாரோ பண்ண தப்புக்குப் பாவம் அந்தப் பொண்ணு.”

“ஏதோ கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும்” என்றேன்.

 பேருந்து நிலையம் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு வந்தான்.

சாயங்காலம் அரசியிடம் சொன்னேன். அவள் அலறவில்லை. “நேத்து சாயங்காலம்கூடப் பேசினேனே. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா...” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஒன்பது வருடமாக எனக்குத் தெரியாமல் அண்ணனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். இன்று எத்தனை அதிர்ச்சியைத்தான் ஒரு மனிதன் தாங்குவான்?

டிசம்பர் 9, செவ்வாய்

காரணம் தெரிந்துவிட்டது. வங்கிகளிடமிருந்து கோப்பு வரவில்லை. விடுமுறை நாள் கோளாறு. ஒரு கோப்பு வராவிட்டால் அதன் இடத்தில் காலிக் கோப்பு ஒன்றைத் தானாக வைத்துவிடுவது எங்கள் கூடத்தின் பழைய வழக்கம். ஜாப் பாதியில் நின்று திட்டு வாங்காமல் இருப்பதற்காக யாரோ எந்தக் காலத்திலோ செய்த ஏற்பாடு. நேற்றும் அதுவே வைத்தது. ஜாப் படித்தது. ஒரு சான்றும் இல்லை. ஆகவே எல்லோரும் சான்று கொடுக்காதவர்கள். தப்பாக அடித்த எண் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் எண்ணே இல்லை. எச்சரிக்கை இல்லை. பூஜ்யம்.

குறையே இல்லாத கோப்பு என்று ஒன்று உண்டு. காலிக் கோப்பு. இத்தனை படித்தும் இது எனக்குத் தோன்றவில்லை.

வழக்கமான நான்கு வந்திருந்தால் நின்று கேட்டிருக்கும்.

பிரசன்னகுமார் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். இரவெல்லாம் தூங்கவில்லை போல, கண் சிவந்திருந்தது.

“சார், டிசைன் உங்களோடதுதானே. நான் அப்பவே உங்க பேரைப் போட்டிருக்கணும். இப்பக்கூட மாத்திடலாம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“ஆவணத்துல உங்க பேருதான இருக்கு?” என்றேன்.

“அதான் சார் சொல்றேன். நமக்குள்ள எதுக்கு? ரெண்டு பேரும் மாட்ட வேண்டாம். பழைய வழக்கப்படி ஆபரேட்டர் பட்டியலைப் பார்க்கணும் இல்ல? நாற்பதாயிரம் பேர் இருக்கிறதைப் பார்த்தவுடனே நிறுத்தியிருக்கணும். அவங்க கவனிக்கலன்னு எழுதிடலாம். கான்ட்ராக்ட்தானே. ஜனவரியோட முடியுது. விசாரணைல நீங்க சும்மா ‘ஆமா’ன்னா போதும்.”

நான் ‘ஆமா’ என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 10, புதன்

ஹசீனாவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம், விசாரணை முடியும்வரை. வாசலுக்கு எதிர்ப்பக்கத்து டீக்கடையில் பையோடு நின்றுகொண்டிருந்தார். கடந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அவரே கூப்பிட்டுவிட்டார்.

“ஜீரோ வந்துடுச்சு சார். பிரியாணி போடணும் நான்.”

நான் டீ சொன்னேன்.

“என் ஸ்கிரீன்ல எதுவுமே வரல சார். அது கேக்கவே இல்ல. ஜீரோன்னா யாரையும் கேக்காதேன்னு நீங்கதானே வெச்சீங்க? மொத போன் வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு அம்மா. ‘என் வீட்டுக்காரர் எதிர்ல உக்காந்து தோசை சாப்பிடறாரு, அவரைச் செத்துட்டாருன்னு சொல்ல நீ யாருடி’ன்னு. அதுகூடப் பரவால்ல. திட்டினாங்க, வெச்சிட்டாங்க. இன்னொரு அம்மா சார். வீட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டு எங்கயோ போயி வருஷக் கணக்காகுது. உசுரோட இருக்காரான்னே தெரியாது அவங்களுக்கு. அவங்க திட்டவே இல்ல. ‘எந்த ஊருல செத்தாருன்னு மட்டும் சொல்லும்மா, நான் போய்ப் பாத்துக்கறேன்’னாங்க. தப்பா வந்துடுச்சும்மான்னு நான் சொன்னா, நம்பல. ‘மறைக்காத, சொல்லு’ங்கறாங்க. நான் என்ன சார் சொல்லட்டும்?”

டீ ஆறிப்போனது. அவர் குடிக்கவில்லை.

“காஞ்சிபுரத்துலேர்ந்து ஒருத்தர் பேசினாரு. சிரிச்சுக்கிட்டே. தண்ணி குடின்னாரு. அந்த ஆளாலதான் அன்னிக்கு நான் எழுந்து ஓடாம உக்காந்திருந்தேன்.”

அது என் அண்ணன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

“நான் கவனிக்கலன்னு எழுதப் போறாங்களாமே? நீங்க என்ன சார் சொல்லப் போறீங்க?” என்றார்.

இந்த முறை கிண்டல் இல்லை. 

டிசம்பர் 11, வியாழன்

மோட்டார் வந்தது. ஓடுகிறது. தொட்டி நிரம்பி வழிந்ததை நான் கவனிக்கவில்லை. கீழ் வீட்டுக்காரர் வந்து கத்தினார்.

டிசம்பர் 12, வெள்ளி

விசாரணை. நிதியத்தின் அதிகாரி ஒருவர், எங்கள் மேலிடத்து ஆட்கள் இருவர், பிரசன்னகுமார், நான்.

என்னிடம் கேட்டார்கள். விதி என்னுடையது என்றேன். பூஜ்யத்துக்கு யாரையும் கேட்க வேண்டாம் என்று வைத்தது நான். எண்ணிக்கையைச் சரிபார்க்க ஒரு வரி எழுதாதது நான். சுருக்கிய வாசகத்தைப் படிக்காமல் ‘சரி’ என்று அனுப்பியதும் நான். ஆபரேட்டருக்கு அங்கே செய்ய எதுவும் இல்லை. அவரை நடுவிலிருந்து எடுப்பதுதான் திட்டத்தின் நோக்கமே. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதி, அடியில் முழுப் பெயரும் பட்டமும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

என்னைத் தியாகி என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பிரசன்னகுமார், “இல்ல சார், பொறுப்பு மேலாளர்ங்கிற முறையில எனக்கும்...” என்று ஏதோ பெருந்தன்மையாக ஆரம்பித்தான். இவ்வளவு காலம் என்னுடையதையெல்லாம் எடுத்துக்கொண்டவன். இதையும் அவனுக்கு விட எனக்கு மனம் வரவில்லை. ‘வடிவமைப்பு: பிரசன்னகுமார்’ என்று இருந்த பக்கத்தை எடுத்து அவன் பெயரை நானே அடித்து என் பெயரை எழுதினேன். பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

வெளியே வந்ததும், “யோசிச்சுத்தான் பண்ணீங்களா சார்?” என்றான். உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை.

மறு அறிவிப்பு வரும்வரை என்னை விடுப்பில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

டிசம்பர் 13, சனி

ஹசீனா போன் செய்தார். பின்னணியில் அந்தக் கூடத்தின் குளிர்சாதன இரைச்சல் கேட்டது.

“மறுபடி வேலைல உக்கார வெச்சிட்டாங்க சார். கோப்பு வந்துச்சு, மறுபடி ஓட்டினோம்.”

“எதுல முடிஞ்சுது?”

“நாலு.”

“நல்லது” என்றேன்.

அவர் சிரித்தார். “நீங்களா சார் சொல்றது?”

டிசம்பர் 14, ஞாயிறு

முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன். ஒருவனை வெட்கப்பட வைக்க எழுத ஆரம்பித்தது. அவனைப் பற்றிய பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அவன் அப்படித்தான், நானும் இப்படித்தான்.

இதைக் குழுவில் வெளியிடத்தான் போகிறேன். எத்தனையோ கூடங்களில் இதே காலிக் கோப்பு வழக்கம் இருக்கும். அங்கெல்லாம் யாராவது ஒருவன் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருப்பான். எண்ணை மட்டும் பார்க்காதே, எண்ணிக்கையையும் பார் என்று அவனுக்குச் சொல்ல வேண்டும்.

காலையில் அரசியின் போனில் அண்ணன் பேசினான். நானும் பேசினேன். மாலை வாடியும் எடுக்க மனம் வரவில்லையாம். அம்மா படம் பாதி தெரியவில்லையாம். “வந்து நீயே எடுத்துட்டுப் போ” என்றான். அந்த மெசேஜ் அனுப்பினது யாருன்னு கண்டுபிடிச்சாங்களா என்று கேட்டான். தெரியலை என்றேன்.

அவன் இணையத்தில் கண்ணில் படுவதையெல்லாம் விடாமல் படிக்கிறவனாம், அரசி சொன்னாள். இது எப்படியாவது சுற்றிச் சுற்றி அவனிடம் போய்ச் சேரும். சைக்கிளும் மாலையும் வரும் இடத்தில் அவனுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். நேரில் சொல்ல எனக்கு வராது.

பெயர் போட வேண்டிய இடத்தில் போட்டாகிவிட்டது. கடைசிப் பக்கத்தின் அடியில் எழுதிவைத்திருந்த என் பெயரையும் பட்டத்தையும் கல்லூரியையும் இப்போது அழித்துவிட்டேன். பெயரில்லாமலே வெளியிடுகிறேன். எங்கள் அலுவலகத்துக்கு வெளியே படிக்கிறவர்களில் ஒருவனுக்கு மட்டும் இதை எழுதியது யார் என்று தெரியும்.

அது போதும்.